பத்து மணி அழைப்பு

"வணக்கம் சார், மாநகராட்சியிலேர்ந்து பேசறோம். காய்ச்சல் இருக்கா?"

"வணக்கம் மேடம். காய்ச்சல் இறங்கியாச்சு. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"கேள்வி நாங்கதான் சார் கேக்கணும். இருமல்?"

"இருக்கு. ரெண்டு ஸ்டாப்புக்கு ஒரு தடவை வருது."

பேருந்து ஓட்டுநர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஊரில் பேருந்துகள் நின்று போய், அவரும் தொற்றோடு வீட்டின் பின்னறையில் அடைந்து கிடந்த இந்த நாட்களில், காலை பத்து மணிக்கு வரும் இந்த அழைப்பு ஒன்றுதான் பேச்சுத் துணை. அதற்காகவே குளித்து, சட்டை மாற்றி, தலை வாரித் தயாராக இருப்பார். பேரன் எடுக்கும் வயதில் இதெல்லாம் தேவையில்லைதான். போனில் தலை தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

வீட்டில் மனைவி இருக்கிறாள். ஆனால் பேச்சு இல்லை. மூன்று வேளையும் தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, டொக் டொக்கென்று தட்டிவிட்டுப் போய்விடுவாள். இப்போதைக்கு அவ்வளவுதான் தாம்பத்தியம்.

"வாசனை தெரியுதா சார்?"

"ஜம்முனு தெரியுது மேடம். காலையில வெளியே என்னமோ வறுத்தாங்க. என் தட்டுக்கு வருமான்னுதான் தெரியல."

"ருசி?"

"உப்பு கம்மி."

"உப்பு சரியாத்தான் இருந்திருக்கும். நாக்கு இன்னும் தேறலைன்னு போட்டுக்கறேன்."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டார். கட்டிய மனைவி ஒரு சொல் சொன்னால் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிற மனிதர், மாநகராட்சி குட்டினால் மட்டும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மனசு எப்படி இருக்கு? கவலை, தூக்கமில்லாம புரள்றது, ஏதாவது?"

"எல்லாம் இருக்கு மேடம். வீட்ல ஒருத்தி என்கூடப் பேசறதில்லை."

"ஏனாம்?"

"இந்த 'ஏனாம்' உங்க கேள்விகள்ல இருக்கா?"

"மனசுங்கறதுக்குள்ள அடங்கும். சீக்கிரம் சொல்லுங்க. எங்க மேலதிகாரி நடுநடுவுல லைன்ல வந்து ஒட்டுக் கேப்பாரு."

"'டெப்போ பக்கம் கேரம் ஆடப் போகாதீங்க, ஊரெல்லாம் நோய்'னு சொன்னா. போனேன். 'இதுக்கு மேலயும் போனா என்கூடப் பேசாதீங்க'ன்னா. அப்பவும் போனேன்."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டேன். காய்ச்சலோட வந்தேன்."

"அப்ப தப்பு யார் மேல சார்?"

ஓட்டுநர் லொக் லொக்கென்று இருமினார். "இருமல் வருது மேடம்."

"நல்லா வருதே, சமயம் பாத்து!"

எத்தனையோ சந்துகளில் எத்தனையோ வண்டிகளைப் பின்னால் எடுத்தவர் அவர். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து மட்டும் இதுவரை ரிவர்ஸ் எடுத்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்படியே காலம் தள்ளியாயிற்று.

"சரி, அது உங்க வீட்டு விஷயம்." மேடத்தின் குரல் இறங்கியது. "இன்னியோட உங்க தனிமை முடியுது சார். நாளையிலேர்ந்து எங்க போன் வராது."

தெரிந்த செய்திதான். மத்தியானம் இந்தக் கதவைத் திறந்து வெளியே போகலாம். போனால் அந்தப் பேசாத வீட்டில்தான் நிற்க வேண்டும். நோயைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நாளைக்கு நான் யார்கிட்ட பேசறது மேடம்?"

"உங்க வீட்டம்மாகிட்டதான்."

"எனக்கு வாய் வராதே."

"பஸ்ல ஏறினவங்களை அந்த அதட்டு அதட்டுவீங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா?"

"நேர்ல வராது." அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாக்கட்டுமா? ஒத்திகை மாதிரி."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க. மாநகராட்சி சேவை பத்தின கருத்துன்னு போட்டுக்கறேன்."

ஓட்டுநர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை அது நோய் இல்லை.

"தப்பு என் மேலதான். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். காய்ச்சல் ஏறின அன்னிக்கு, கதவுக்கு வெளியே பாயைப் போட்டு, நான் மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நீ படுத்திருந்தது எனக்குத் தெரியும். கூப்பிடணும்னு இருந்துது. வீம்பு விடலை. நீ திட்டறதுன்னாலும் திட்டு, பேசாம மட்டும் இருக்காதே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். கருத்து பதிவாயிடுச்சு சார்."

அதற்கு மேல் மத்தியானம் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார்.

வீட்டில் தொற்று இருப்பதால் அலுவலகம் வர வேண்டாம் என்று மாநகராட்சி கொடுத்தனுப்பியிருந்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டியபடி, கூடத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முதல் நாளே குரலை வைத்து அவர் கண்டுகொண்டிருந்த அந்த 'மேடம்', ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு நடுவுல ஒரு மாநகராட்சி தேவைப்பட்டுதா?"