நடுத்துண்டு

மறுநாள் அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது திருமண நாள். விருந்தில் பழைய படங்களைத் தொலைக்காட்சியில் ஓடவிடுவதாகச் சொல்லி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் மகள்.

பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான். புதிதாகக் கற்றதை எங்காவது காட்டாவிட்டால் கை சும்மா இருக்காதே.

குடும்பப் படங்களையெல்லாம் தேதி வாரியாக ஒரே பட்டியலில் அடுக்கிவிட்டாள்.

ஆனால் முழுவதையும் ஓடவிட முடியாது. நடுவில் நான்கு வருடங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது அது எதற்கு?

பட்டியலின் தலையையும் வாலையும் மட்டும் எடுத்து ஒட்டினால் போதும். ஒரு சதுர அடைப்புக்குறி, உள்ளே ஒரு முக்காற்புள்ளி. அதற்கு முன்னால் தொடங்கும் எண், பின்னால் நிற்கும் எண்; முன்னால் எதுவும் இல்லையென்றால் முதலிலிருந்தே எடுக்கும்.

முதல் நாற்பத்தொரு படங்கள் வேண்டும். நிற்கும் எண் கணக்கில் சேராது என்று வகுப்பில் சொன்னது நினைவிருந்தது. அதனால் ஒன்றைக் கூட்டி, படங்கள்[:42] என்று எழுதினாள்.

பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அதிலேயே அந்த ஒன்று சரியாகிவிடும். அதை மறந்துபோனாள்.

ஓடவிட்டாள். மாலையும் கழுத்துமாக இருவர். பிரசவ வார்டில் ஒரு துணிச்சுருள். கடற்கரையில் அப்பாவின் தோளில் ஒரு குட்டி மகாராணி.

நாற்பத்தொன்றும் முடிந்து அடுத்து, பள்ளி வாசலில் எட்டு வயதுப் பெண், சீருடையில், தனியாக.

அவள் பதறி மடிக்கணினியை மூடப் போனாள்.

"மூடாத."

மடித்த துணிகளைக் கையில் அணைத்தபடி அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"இதை நான் பாத்ததே இல்லையே."

"தப்பா ஒண்ணு நுழைஞ்சிருச்சும்மா. மத்ததெல்லாம் வராம பண்ணிட்டேன்."

"அழிச்சிட்டியா?"

அந்தக் குரலைக் கேட்டு மகள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா. வேணுங்கறதை மட்டும் தனியா எடுத்துக்கிட்டேன். பட்டியல்ல எல்லாம் அப்படியேதான் இருக்கு."

அம்மா துணிகளை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப, நடுவுல இருக்கறதை மட்டும் காட்டு."

மகள் படங்கள்[41:63] என்று எழுதினாள். இந்த முறை எண் பிசகவில்லை.

ஊஞ்சலில் ஒரு படம். கையில் மாவுக்கட்டோடு ஒரு படம். பரிசுக் கோப்பையோடு ஒன்று. அம்மா ஒவ்வொன்றிலும் முகத்தைவிடத் தலையைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

முதல் படங்களில் ஒரு சடை காதுக்கு மேலே, மற்றது கழுத்துக்குக் கீழே. வகிடு குடித்தவன் நடை நடந்திருந்தது. போகப் போக வகிடு நிமிர்ந்தது. இரண்டு சடைகளும் ஒரே உயரத்துக்கு வந்தன. கடைசிப் படத்தில் ரிப்பன் பூப்போல விரிந்திருந்தது.

"யாரு பின்னி விட்டது?"

"அப்பாதான்."

மகளுக்கு எட்டு வயதில் வீட்டை விட்டுப் போன அம்மா, அவளுடைய பன்னிரண்டாவது வயதில்தான் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்று அப்பா கேட்டதில்லை. நாங்கள் எப்படி இருந்தோம் என்று சொன்னதும் இல்லை.

பேச்சுக்குரல் கேட்டு அப்பா கதவருகே வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, இழுத்துப் பின்னினா புள்ளைக்கு வலிச்சிருக்குமே?"

அப்பா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முதல் நாள் ரெண்டு பேருமே அழுதோம்" என்றார்.