பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வண்டி

ஆம்புலன்ஸ் மையத்தில், அழைப்பு வந்து எத்தனை நொடியில் வண்டி கிளம்புகிறது என்று அளக்கும் மென்பொருள் அவள் பொறுப்பு. நொடிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தாள்: முப்பது வரை ஒன்று, அறுபது வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. முதல் பெட்டியில் கூட்டம் சேர்ந்ததால் அதை இருபது, பத்து, ஐந்து என்று உடைத்தாள். போகிற போக்கில் பூஜ்யத்திலும் ஓர் எல்லை வைத்தாள்.

மறுநாள் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வண்டி இருந்தது. அழைப்பு வருவதற்கு நாலு நிமிடம் முன்பே கிளம்பிய வண்டி. கடிகாரங்களைச் சரிபார்த்தாள், ஒரு நொடிகூடப் பிசகவில்லை. பழைய பதிவுகளைத் துழாவினாள். மாதம் ஒன்றிரண்டு என்று ஆறு வருடமாக நடந்திருந்தது. எல்லாமே ஏழாம் நம்பர் வண்டி. அது போன இடத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை.

மதியம் கீழே இறங்கிப் போனாள். ஏழாம் நம்பர் டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுறீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். எப்படிண்ணே?"

"எனக்கென்னம்மா தெரியும்? கை தானா சாவியை எடுக்கும். நான் கூடப் போவேன், அவ்வளவுதான்," என்று கூச்சத்தோடு சிரித்தார்.

துடைத்த துணி பாதியில் நின்றது. அவர் கை சட்டைப் பைக்குள் போய்ச் சாவியோடு வெளியே வந்தது.

"நீயும் ஏறிக்கம்மா," என்றார் மெதுவாக.

எந்தத் திருப்பத்திலும் தயங்காமல் வண்டி அவள் வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் ஸ்ட்ரெச்சரோடு படியேறிய பிறகுதான் அவள் கைப்பேசி அடித்தது. "அப்பா விழுந்துட்டாருடி, வண்டி அனுப்பு!" என்ற அம்மாவின் குரல், கைப்பேசியிலும் மாடியிலும் ஒரே நேரத்தில் கேட்டது.