சுடும் ரேடியேட்டர்

"என்ற மடியிலதான் சாவி இருக்குது. வண்டி செட்டுக்குள்ள நிக்குது. ஃபேன் மட்டும் தானா ஓடுது தம்பி. இதென்ன கூத்து?"

ஈஸ்வரமூர்த்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அமானுல்லா பானெட்டைத் தூக்கினான். பதினோரு வருஷத்துப் பழைய மாருதி. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"நாலு நாளாச்சு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சு வந்தா இந்தச் சத்தம். கொஞ்ச நேரத்துல தானா நின்னுக்குது."

ஈஸ்வரமூர்த்திக்கு வீரபாண்டியில் பனியன் கம்பெனி. வீடும் அதே காம்பவுண்டில்தான். மூன்று வாரத்துக்கு முன்பு கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. இரண்டு மாசத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கார் செட்டிலேயே நின்றது.

"பயப்படாதீங்க மொதலாளி. யாரோ ஃபேனுக்குப் பேட்டரியில இருந்து நேரா லைன் குடுத்திருக்கறாங்க. சாவி போடாமயே ஓடும். அதுக்குக் கரண்ட் விடற ரிலே ஒட்டிக்கிட்டிருக்கும்."

புது ரிலேயை மாட்டினான். ஃபேன் நிற்கவில்லை.

"அப்ப சுவிட்சுங்க. தண்ணி சூடானா ஃபேனைப் போட்டு விடறதுக்கு ரேடியேட்டர்ல ஒரு சுவிட்ச் இருக்குது. அதுதான் கெட்டிருக்கும்."

சுவிட்சின் வயரைப் பிடுங்கினான். ஃபேன் சட்டென்று நின்றது. "பாத்தீங்களா!" என்று சிரித்தபடி சுவிட்சைக் கழற்றக் கையை உள்ளே விட்டவன், "யா அல்லா!" என்று அலறி உதறினான்.

"ஷாக் அடிச்சிருச்சா?"

"இல்லீங்க, சுடுது." சிவந்துபோன விரலையே பார்த்தான். குரல் இறங்கிப் போயிற்று. "மொதலாளி, எதுவுமே கெடலீங்க. தண்ணி கொதிக்குது, அதனால ஃபேன் ஓடுது. இந்த வண்டி இப்பத்தான் எங்கியோ போய்ட்டு வந்திருக்குதுங்க."

ஈஸ்வரமூர்த்தி கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த வேஸ்ட் துணி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற வண்டியவா? நான் ஊட்டுக்குள்ள படுத்திருக்கறப்பவா?"

அடுத்த நிமிஷமே எழுந்துவிட்டார். இன்னொரு சாவி வாட்ச்மேன் ரூமில்தான் தொங்குகிறது. "நல்லான்!"

ஓடி வந்த வாட்ச்மேன் நல்லானுக்கு விஷயம் புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி, என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க. சைக்கிளைத் தவிர எனக்கு ஒண்ணும் ஓட்டத் தெரியாதுங்க."

"நீ ஓட்டலீன்னா எவனுக்குச் சாவி குடுத்தே? பன்னெண்டு வருஷம் உன்னை நம்புனேன் பாரு! இப்பவே வெளிய போ. மறுபடி கேட்டுல கண்டேன், போலீஸ்ல சொல்லீருவேன்."

நல்லான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

அமானுல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. தான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒருத்தன் பிழைப்புப் போய்விட்டதே!

"மொதலாளி, ஒண்ணு சொல்லட்டுங்களா? நாளைக்கு நல்லான் இருக்க மாட்டான். நாளைக்கும் வண்டி வெளிய போச்சுன்னா, திருடன் வேற ஆளுதானுங்களே?"

ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். "அதுவும் செரிதான். நீ மத்தியானமே வந்து செட்டுக்குள்ள ஒளிஞ்சுக்க. எவனா இருந்தாலும் கையும் களவுமாப் புடிச்சுக் குடு."

மறுநாள் இரண்டரை மணி. துணி மூட்டைகளுக்குப் பின்னால் அமானுல்லா வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. இந்த இரைச்சலில் கார் கிளம்பினால் யாருக்குக் கேட்கப் போகிறது?

சந்துப் பக்கக் கதவு திறந்தது. வெயிலில் கண் கூச, ஓர் உருவம் மட்டும் நிழலாகத் தெரிந்தது. அவசரமில்லாமல் நடந்து வந்து காரில் ஏறியது. அமானுல்லா மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டி பின்பக்கமாக நகர்ந்து சந்தில் திரும்பிவிட்டது.

நல்லான் நிரபராதி. அது போதும். வண்டி எப்படியும் திரும்பி வரும். ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

அரை மணி கழித்து கார் உள்ளே வந்து நின்றது. எஞ்சின் அடங்கியது. அமானுல்லா பாய்ந்து கார்க் கதவைத் திறந்தான்.

"இறங்குடா வெளிய!"

அடுத்த நொடி ஸ்பானர் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அட, அமானுல்லாவா? நல்ல சமயத்துக்கு வந்தே தம்பி" என்றபடி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, சாவியை மடியில் செருகிக்கொண்டு இறங்கினார் ஈஸ்வரமூர்த்தி. முன்னால் ஃபேன் விர்ரென்று சுற்றத் தொடங்கியது. அவர் முகம் வெளிறிப் போயிற்று.

"கேட்டியா அந்தச் சத்தத்தை? மூணு வாரமா நான் தொடாத வண்டி... எவனோ எடுத்து ஓட்டறான் தம்பி! அந்த நல்லானைக் கூப்பிடு, கேட்டுலதான் உக்காந்திருப்பான். அவனுக்குத் தெரியாம இருக்காது!"