வாரம் ஒருமுறை

“மருந்தே இல்லாத மாத்திரையும் கசக்குமா?” என்று, கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு குழந்தை ஒருமுறை அவளிடம் கேட்டது.

அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியதும் கையெழுத்து வாங்கிவிட மாட்டாள். “நீங்க புரிஞ்சுக்கிட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்க” என்பாள். சொல்லி முடிக்கும்வரை பேனா அவள் கையில்தான் இருக்கும்.

மருத்துவர்கள் தரும் படிவங்களை எளிய தமிழில் எழுதித் தருவது அவள் வேலை. வாய்க்குள் நுழையாத சொற்களை உடைத்து, வீட்டில் புழங்கும் சொற்களாக ஆக்கிவிடுவாள்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். படிவத்தைப் போன வாரமே வாங்கிப்போய்ப் படித்துவிட்டு, இன்று இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். மூட்டுவலிக்கான புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சி. இன்னும் ஓர் ஆள்தான் தேவை. “இவரை விட்டுடாதே” என்று பெரிய டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். மருந்து ஒத்துக்கலேன்னா ஈரல் கெட்டாலும் கெடும். பிடிக்கலேன்னா பாதியிலயே இறங்கிக்கலாம். சரியாம்மா?”

அட்சரம் பிசகவில்லை. அவள் பேனாவை நீட்டினாள்.

வாங்கி மூடியைத் திறந்தவர், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “அந்த போன் மட்டும் ஞாயித்துக்கிழமை வர்ற மாதிரி வைக்க முடியுமா? அன்னிக்குத்தான் தெருவுலகூட சத்தமே இருக்காது.”

“எந்த போன் ஐயா?”

அவர் படிவத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ‘வாரம் ஒருமுறை உங்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்போம்.’

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“முட்டிவலி ரொம்ப இருக்கா ஐயா?”

“அது பாட்டுக்கு இருக்கும்மா. முப்பது வருஷம் கிளட்ச் மிதிச்ச கால். ராத்திரியெல்லாம் முனகிக்கிட்டே கிடக்கும். வீட்டுல என்கூட பேசுறது அது ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டார். கையெழுத்து விழுந்தால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. பெரிய டாக்டருக்குச் சந்தோஷம். இவருக்கும் சந்தோஷம், முதல் அழைப்பு வரும்வரை.

“ஐயா, அந்த போன் நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது. வாந்தி உண்டா, மயக்கம் உண்டா, கண்ணு மஞ்சளா இருக்கான்னு கேப்பாங்க. குறிச்சுக்கிட்டு வெச்சிடுவாங்க. ஆறு மாசம் முடிஞ்சா அதுவும் நின்னுடும்.”

“சாப்டீங்களான்னுகூட கேக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க ஐயா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. பிறகு பேனாவை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

“அப்ப என் ஈரலை நானே எதுக்கும்மா கெடுத்துக்கணும்?”

எழுந்து நிற்க அவருக்கு மேசையின் துணை வேண்டியிருந்தது.

“உங்க நம்பரைச் சொல்லுங்க ஐயா.”

“அதான் வண்டியை விட்டு இறங்கிட்டேனே. இன்னும் எதுக்கு?”

“சும்மா சொல்லுங்க.”

சொன்னார்.

அவர் போன பிறகு அவள் டாக்டர்கள் தந்த மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். ‘பக்கவிளைவுகளைத் தொலைபேசி வழியே பதிவுசெய்தல்’ என்று மட்டுமே அதில் இருந்தது. நலம் விசாரிப்பது அவளாகச் சேர்த்தது. சரிபார்த்தவர்கள் எல்லாரும் அந்த வரி இதமாக இருப்பதாகப் பாராட்டியிருந்தார்கள்.

அவள் அதை நீக்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

திருத்தியதில் படிவம் சரியாகிவிட்டது. ஆனால் அச்சில் ஏறிய வாக்கும் வாக்குதான். ஒருவர் அதை நம்பி, அந்தக் காலோடு இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் கைப்பேசியோடு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் கடவுளிடம் ஏதோ சொன்னாள். அன்று அவள் வாய்திறந்து பேசியது அப்போதுதான்.

நலம் விசாரிக்கும் அந்த வரியை எழுதிய நாளில் அவள் எந்த நோயாளியையும் நினைத்திருக்கவில்லை. அம்மா போய், துக்கம் கேட்டவர்களும் ஓய்ந்துபோன வாரம் அது. தன் கைப்பேசி வேலை செய்கிறதா என்று அலுவலகத் தொலைபேசியிலிருந்து தனக்குத்தானே அழைத்துப் பார்த்தாள். வேலை செய்தது. அதன் பிறகு உட்கார்ந்து எழுதிய வரி.

எண்களை அழுத்தினாள்.

“நான்தான் ஐயா. ஆஸ்பத்திரியில படிவம் வாசிச்சேனே.”

“வாந்தி, மயக்கம் கேக்கவாம்மா?”

“இல்லை ஐயா. சும்மாதான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“இரும்மா, வெச்சிடாதே. அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்துடறேன்.”

தேய்த்துத் தேய்த்து நடக்கும் காலடிகள் தூரம் போயின. ஏதோ பாத்திரம் உருண்டது. அதை அவர் திட்டுவது கேட்டது. பிறகு காலடிகள் திரும்பத் தொடங்கின.

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகவே வரட்டும்.