நாற்பத்தேழாம் எண்

எச்.ஐ.வி. நோயாளிகளின் பெயரை உரக்கக் கூப்பிடக் கூடாது, ரகசியம் அவர்களுடைய உரிமை என்று மேலிடத்து உத்தரவு வந்த மறுநாளே பெரியாஸ்பத்திரியில் வெகு சிரத்தையாக ஏற்பாடு செய்துவிட்டார்கள். மருந்து ஜன்னலில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த மாத்திரைக்கு மட்டும் எண்.

பூங்கோதைக்குக் கிடைத்தது நாற்பத்தேழு. மாத்திரை நேற்றோடு தீர்ந்திருந்தது. பக்கத்தில், சர்க்கரை மாத்திரைக்கு வந்திருந்த வீட்டுக்கார அம்மாள், மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜெபமணி... சீனிவாசன்..." என்றது ஜன்னல். பிறகு, "நாப்பத்தேழு."

கூடமே திரும்பியது.

"பேரில்லாம நம்பர்னா அந்த நோயிதான்," என்று வீட்டுக்கார அம்மாள் சேலையை ஒடுக்கிக்கொண்டாள். "இதுங்களுக்கெல்லாம் எவன் வீடு குடுக்கறானோ. யாருன்னு பாரு பூங்கோத."

மருந்து கொடுக்கும் பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "நாப்பத்தேழு யாரும்மா? பயப்படாம வாங்க. உங்க பேரு வெளிய வராது," என்றாள் கனிவாக.

பூங்கோதை சீட்டை உள்ளங்கைக்குள் கசக்கினாள். பிறகு எழுந்து நின்று, எல்லாரையும் போலக் கழுத்தை நீட்டி, அந்த நாற்பத்தேழு யாரென்று தேடினாள்.