பின் சீட்டுப் பலகை

எத்தனை முறை தேய்த்தும் ரத்தக் கறை போகவில்லை. சடையப்பன் மண்ணெண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

வந்தது அவர் மனைவி ஜானகிதான். “இன்னும் அதையே தேச்சிகினு இருக்கீங்களா? மேல புது ரெக்சின் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“முருகனுக்குத் தெரியும்ல.”

“அவரா வண்டி வாங்க வர்றாரு?”

அது மேற்கூரையே இல்லாத பழைய கார். இந்த நிலக்கரிச் சுரங்கம் தொடங்கிய காலத்தில் இங்கே இருந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் பீச்சுக்கு ஓட்டிப் போக வைத்திருந்தது. குறிஞ்சிப்பாடியில் ஒரு நெல் கிடங்கில் மக்கிக் கிடந்ததைச் சடையப்பன் வாங்கி வந்து, சுரங்கத்தில் தன் ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தார்.

இந்த மாதத்தோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரில் கட்டுகிற வீடு சுவரோடு நிற்கிறது. கார் விற்றால்தான் தளம் போட முடியும்.

“வண்டிக்கும் கூரை கெடயாது, நம்ம வூட்டுக்கும் கூரை கெடயாது. நல்லாத்தான் ஜோடி சேத்தீங்க” என்று ஜானகி தினமும் சொல்லிக் காட்டுவாள்.

பின் சீட்டைப் பிரித்த அன்றுதான் பலகையில் அந்தக் கறுத்த கறையைப் பார்த்தார். கிடங்குக்காரரைப் போய்க் கேட்டார்.

“அதுவா? எங்கப்பா சொல்லுவாருங்க. ஒரு பொம்பளைய ரத்தம் ஒழுக ஒழுக இதுலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனாங்களாம். அதுக்கப்புறம் தொரை இந்த வண்டியத் தொடவே இல்லியாம்.”

அன்றிலிருந்து சடையப்பனுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: “வண்டியில உயிர் எதுவும் போவலையே?” போயிருக்கிறது என்று தெரிந்தால், சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் அவரும் ரெக்சின் போட்டு மூடினார்.

விற்பனைக்குப் போட்டிருந்த காரின் படத்தைப் போனில் பார்த்துவிட்டுத் திருவதிகையிலிருந்து வந்தார் திலகவதி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதை நெருங்கும் வயது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பானெட்டைத் திறந்து பார்க்கவும் இல்லை. நேராகப் பின் சீட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

“இதுக்கு அடியில இருக்கற பலகை பழசேதானங்க? மாத்திடலையே?”

சடையப்பன் அவசரமாகச் சொன்னார். “பழசுதாம்மா. நல்ல தேக்கு. மாத்தல.”

“அப்ப சரி. வர்ற வெள்ளிக்கிழமை என் நட்சத்திரம். அன்னிக்கே எடுத்துக்கறேன்.”

பேரம்கூடப் பேசாமல் அந்த அம்மாள் போனது, சடையப்பனை இன்னும் அதிகமாக உறுத்தியது. ஏமாற்றுகிறவனிடம் சண்டை போட்டாலாவது அவன் மனம் கொஞ்சம் ஆறும். இவர் கும்பிட்டுவிட்டல்லவா போகிறார்.

வெள்ளிக்கிழமை, வேலுடையான்பட்டு முருகன் கோயில் வாசலில் கார் பளபளவென்று நின்றது. ஜானகி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். குருக்கள் வண்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரத் தட்டை நீட்டினார்.

திலகவதி ஒற்றிக்கொண்டார். ஜானகி ஒற்றிக்கொண்டாள். சடையப்பனின் கை மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

“தொட்டுக் கும்புடுங்க” என்று ஜானகி முழங்கையால் இடித்தாள்.

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றார் சடையப்பன், திலகவதியைப் பார்த்து. “இத்த முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க கேக்கல, நானும் சொல்லல. இந்த வண்டியில ஒரு உயிர் போயிருக்குது.”

ஜானகி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“பின் சீட்டுப் பலகையில ரத்தக் கறை இருக்குதும்மா. யாரோ ஒரு பொம்பள. நான்தான் ரெக்சின் போட்டு மறைச்சிட்டேன். வண்டி வேணாம்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். தெரிஞ்சிகினே உங்க தலையில கட்டிட்டு, அந்த வூட்டுல என்னால படுக்க முடியாது.”

“அந்தக் கறைய நான் பாக்கலாங்களா?” என்றார் திலகவதி.

சடையப்பன் சீட்டைத் தூக்கி எடுத்துக் கீழே வைத்தார். திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறினார். கறையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கற்பூரம் ஒற்றுவதைப் போலக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“சுரங்கத்துல கூலி வேலைக்கு வந்தவங்க அவங்க. மண்ணு அள்ளிகினு இருந்தப்ப முடியாமப் போயிடுச்சி. தொரையோட டிரைவர் ஒருத்தர், தொரைய ஒரு வார்த்த கேக்காம இந்த வண்டியில தூக்கிப் போட்டுகினு ஓட்டியிருக்காரு. நல்ல மழையாம். தன் சட்டைய அவுத்து மேல போத்திவுட்டாராம். அவர் பேருகூடத் தெரியாமப் போச்சி.”

சடையப்பன் தலை குனிந்து நின்றார். “அப்படியும் அந்தம்மாவக் காப்பாத்த முடியல, இல்லிங்களா?”

“காப்பாத்திட்டாருங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள, இந்தப் பலகை மேலதான் என்னைப் பெத்தாங்க.”