ஒன்பதாவது எபிசோடு

"மூணாவது எபிசோடைப் போய் கடைசியில வைக்கிறியே இளவரசு, உனக்கு மனசாட்சி இருக்கா?"

வாசலில் மாமனார் தேவசகாயத்தின் குரல் கேட்டதுமே எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்போனில் வரும் ஜெயில் தொடர் அது. முதல் சீசன், எட்டே எபிசோடு. அதில் எதுக்கு முதல் இடம், எதுக்கு ரெண்டாவது இடம் என்று பக்கத்து வீட்டு இளவரசுவோடு தினம் ஒரு பஞ்சாயத்து. சிதம்பரத்தில் மனுஷனுக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

பெத்த பிள்ளை சார்லஸ் கடலூர் ஜெயிலில் கிடக்கிறான். குடித்துவிட்டு மினி வேன் ஓட்டி, கம்மாபுரம் ரோட்டில் சைக்கிளில் போன ஒருத்தரைச் சாகடித்துவிட்டான். அப்பாவுக்குப் பொழுது போக ஜெயில் கதை கேட்கிறது.

"உங்க மாமாவுக்கு இருக்கறது நெஞ்சா, கருங்கல்லா?" என்று இளவரசுவின் மனைவி மலர்க்கொடியே கேட்டுவிட்டாள். "கருங்கல்தான்," என்றாள் எழிலரசி.

தீர்ப்பு வந்த அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், "இனிமே அந்த ஆளு மூஞ்சியில முழிக்கமாட்டேன்." கட்டின புருஷன்தான். ஆனால் கம்மாபுரத்திலும் ஒருத்தி புருஷனை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே. அதை நினைத்தால் எழிலரசிக்குச் சோறு இறங்காது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் மாமா தனியாகக் கிளம்பிச் செத்தவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்கு எதுவும் சாப்பிடவில்லை.

"வாசலோட விரட்டிடுவாங்கன்னுதான் போனேன்மா. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்தாங்க."

மறுநாள் பழையபடி செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். என்ன மனுஷனோ என்று இவளுக்கு வெறுத்துப்போயிற்று.

இந்த வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது அவருக்கு.

"மனு போட்டு அவனைப் பாக்கற நாளும்மா. நான் போகலைன்னா காத்துக்கிட்டு இருப்பான். கைத்தாங்கலா ஒரு ஆள் வேணும்."

"கூட வரேன். ஆனா நான் பேசமாட்டேன் மாமா, இப்பவே சொல்லிட்டேன்."

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. மாமாவின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"ஜெபம் பண்றீங்களா?"

"இல்லம்மா. எபிசோடு வரிசையை ஒருதடவை சொல்லிப் பாத்துக்கறேன்."

எழிலரசி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இவரோடு போய் வந்தோமே என்றிருந்தது.

மனு போட்டவர்கள் கைதிகளைப் பார்க்கும் இடம் சந்தைக்கடையாய் இருந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூச்சல், அழுகை. எழிலரசி முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் நின்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

சார்லஸ் வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். பின்னால் நிற்பது யாரென்று அவன் பார்க்கவில்லை. நலம் விசாரிக்கவும் இல்லை.

"அப்பா, நம்ம வரிசையை மாத்தணும்."

"ஏண்டா, மூணாவதுதானே முதல் இடம்னு பேசி முடிச்சோம்?"

"இப்ப இல்லப்பா. நீ சொன்னதையெல்லாம் நான் உள்ள போய் எங்க பிளாக்குல சொல்வேன்ல. எல்லாருமே மாத்திட்டாங்க."

பக்கத்தில் நின்ற கைதி கழுத்தை நீட்டினான். "பெரியவரே, இந்த வாரக் கதையைக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்குப் பேச ஆள் வரல."

சுற்றிலும் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்க, இந்த அப்பனும் மகனும் மட்டும் அழாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்காகவா இந்த மனுஷர் ராப்பகலாக அந்தத் தொடரைப் பார்த்தார்? இவரையா கருங்கல் என்றோம்?

"எதுடா இப்ப முதல் இடம்?"

"போன வாரம் சொன்னியே, ஒன்பதாவது எபிசோடு. அதுதான்."

ஒன்பதாவதா? எட்டோடு முடிந்த தொடராச்சே. எழிலரசி மாமாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டியை ஏத்திக் கொன்னவனோட அப்பன், செத்தவன் வீட்டு வாசல்ல போய் நிக்கறான்ல. அந்தம்மா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு தண்ணி குடுக்குதே... அதைக் கேட்டுட்டு பிளாக்குல ஒருத்தனும் வாயைத் தொறக்கல." சார்லஸின் குரல் கம்மியது. "ஆனா அதெல்லாம் கதையிலதான்ப்பா. நெஜத்துல எந்த வீட்டுல குடுப்பாங்க?"

"சொல்லுங்க மாமா," எழிலரசி அவர் காதோடு சொன்னாள்.

"அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே திரும்பி உள்ள போயிடுவான்மா. அதான் கதையாச் சொன்னேன்." பெரியவர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வலைக்கு அந்தப் பக்கம் சார்லஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எழிலரசி முக்காட்டை எடுத்துவிட்டு, மாமாவைத் தாண்டி வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குடுத்தாங்க," என்றாள்.